பதினோரு வயது ஈகோஸ்போர்ட்டுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

2013 ஜூன் மாதம் 5.59 லட்ச ரூபாய் தொடக்க விலையில் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் வந்தபோது முன்பதிவு செய்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். மறைமலை நகர் ஆலையில் தயாரான அந்த வண்டி நான்கு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு. அந்த நீளத்துக்குள் அடங்கி, டீசலாக இருந்தால் 1,500 சி.சி.க்கும் பெட்ரோலாக இருந்தால் 1,200 சி.சி.க்கும் மேற்படாத எஞ்சினைக் கொண்ட கார்களுக்கு அன்றைக்கு உற்பத்தி வரி குறைவு என்பதால், 3,999 என்ற எண்ணுக்காகவே அதன் முன்னும் பின்னும் செதுக்கப்பட்டிருந்தன. அன்று எட்டிப் பிடிக்க முடியாத விலையில் இருந்த அதே வண்டி இன்று நல்ல ஸ்கூட்டர் மூன்றின் விலைக்குக் கிடைக்கிறது. போன ஆடி மாதம், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் உள்ள எங்கள் வீட்டுக்கு, பழுதுச் செலவையும் சேர்த்து நான்கு லட்சத்துக்குள் ஒரு பழைய காம்பாக்ட் எஸ்.யு.வி. தேடியபோது என் பார்வை அங்கேதான் போய் நின்றது.

மற்றவற்றையும் பார்த்தேன். ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டர் 2012இலேயே சந்தைக்கு வந்தது. அதன் 475 லிட்டர் டிக்கியும் மோசமான சாலையில் அது செல்லும் நிதானமும் ஈகோஸ்போர்ட்டுக்கு இல்லை. ஆனால் எங்கள் தெருவில் அதைத் திருப்பி நிறுத்துவது தினசரி வேதனையாகிவிடும். மாருதி விட்டாரா பிரெஸ்ஸா 2016 மார்ச்சில்தான் அறிமுகமானது. அதன் மறுவிற்பனை மதிப்பு இறங்க மறுப்பதால், நான்கு லட்சத்தில் கிடைப்பது மிக அதிகம் ஓடிய வண்டியாகவே இருந்தது.

ஈகோஸ்போர்ட் என்று முடிவு செய்தவர் அடுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது எஞ்சினைத்தான். இதில் தவறினால் பிறகு எந்தப் பேரமும் உதவாது. 2017 நவம்பரில் இந்த வண்டிக்குச் செய்யப்பட்ட மாற்றத்துக்கு முந்தையவற்றில் மூன்று எஞ்சின்கள் உண்டு. ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோல் 125 பிஎஸ் (குதிரைத்திறன்) தருவது, ஓட்டுவதற்கு மிக இனிமையானது. ஆனால் அதன் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி ஓடுகிறது. குறிப்பிட்ட தர ஆயிலைக் குறித்த காலத்தில் மாற்றாமல் விட்டால் பெல்ட்டின் ரப்பர் உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும் அபாயம் இருக்கிறது. பத்து வருடங்களாக என்ன ஆயில் ஊற்றப்பட்டது என்பதற்கு ஒவ்வொரு ரசீதையும் காட்டக்கூடிய உரிமையாளர் அகப்பட்டால் ஒழிய அதன் பக்கம் போகாதீர்கள்.

1.5 லிட்டர் பெட்ரோல் மேனுவல் சாதுவான வண்டி. குறை சொல்ல அதிகம் இல்லை, நகரத்துக்குள் அது குடிக்கும் பெட்ரோலைத் தவிர. அதே பெட்ரோலின் அக்காலத்து ஆட்டோமேட்டிக், பவர்ஷிஃப்ட் எனப்படும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸைக் கொண்டது. ஆஸ்திரேலியாவில் அந்தக் கியர்பாக்ஸ் பொருத்திய ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட் வண்டிகள் பற்றிய புகார்களை நிறுவனம் கையாண்ட விதத்துக்காக 2018இல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. புதிதாக இருந்தபோதே அப்படிப் பேர் வாங்கிய பெட்டியைப் பதினோராவது வயதில் வாங்கி வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? 2017 மாற்றத்துக்குப் பிறகு வந்த ஆட்டோமேட்டிக் வேறு வகை, அது என் பணத்துக்கு எட்டவில்லை.

எஞ்சியது 1.5 லிட்டர் டிடிசிஐ டீசல். 91 பிஎஸ், 204 நியூட்டன் மீட்டர், ஐந்து கியர். 2015 அக்டோபருக்குப் பின் வந்தவற்றில் இது 100 பிஎஸ் ஆனது. இதே குடும்பத்து எஞ்சின் ஃபிகோவிலும் ஆஸ்பயரிலும் ஓடுகிறது என்பதால் எஞ்சின் உதிரிபாகங்களுக்கு வண்டியின் தயாரிப்பு நின்றுபோன பிறகும் தட்டுப்பாடு குறைவு. பிஎஸ்-4 என்ற மாசு விதிக் காலத்து வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இல்லை. குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம் வரை மட்டுமே ஓடும் என்னைப் போன்றவருக்கு, குறுகிய ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும் அந்த வடிகட்டி இல்லாததே ஒரு நிம்மதி.

முதலில் பார்த்த வண்டி ஒரு பழைய கார் விற்பனைக் கூடத்தில் இருந்தது. 2014 டைட்டானியம் வகை டீசல், வெள்ளி நிறம், மெழுகு போட்டுப் பளபளவென்று நின்றது. “டாக்டர் வண்டி சார், ஒரே ஓனர்” என்றார் அங்கிருந்த இளைஞர். இந்தத் தொழிலில் விற்பனைக்கு வரும் வண்டியெல்லாம் டாக்டர் ஓட்டியதாகவே இருப்பதால், நம் ஊர் மருத்துவர்கள் வைத்தியம் பார்க்க எப்போது நேரம் கண்டார்கள் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. என்னோடு வந்த மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டைப் பிடித்து, சுருள் முடியும் வரை, தரையைத் தொடும் அளவுக்கு வெளியே இழுத்தார். மேலே இருந்த இரண்டடி நாடா புதிதுபோல் சுத்தமாக இருந்தது. அதற்குக் கீழே, வழக்கமாக யாரும் இழுக்காத பகுதியில், தேநீர்க் கறை போன்ற ஒரு பழுப்புக் கோடு குறுக்கே ஓடியது. விரலால் தேய்த்தபோது மாவு போல் மண் உதிர்ந்தது.

“தண்ணி எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்குன்னு வண்டியே கோடு போட்டு வெச்சிருக்கு பாருங்க சார்” என்றார்.

அதற்குப் பிறகு பார்த்தவை எல்லாம் அந்தக் கோட்டுக்குச் சாட்சிகளே. முன் இருக்கையின் தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்பின் அடிப்பஞ்சில் காய்ந்த சேறு, டேஷ்போர்டுக்கு அடியில் வயரிங் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது. 2015 டிசம்பர் வெள்ளமோ 2023 மிக்ஜாம் புயலோ, இரண்டில் எது என்று கண்டுபிடிக்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. சென்னைப் பதிவு எண் கொண்ட பத்து வருடத்துக்கு மேற்பட்ட எந்தக் காரும் இந்த இரண்டு மழைகளையும் எங்கோ ஓரிடத்தில் நின்று கடந்திருக்கிறது, எங்கே நின்றது என்பதே கேள்வி. எஞ்சினுக்குள் புகுந்த நீரை எடுத்துவிடலாம். வயரிங்கில் புகுந்த ஈரம் மூன்று வருடம் கழித்து ஏர்பேக் விளக்காகவும் பவர் விண்டோ கோளாறாகவும் ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்த இளைஞரிடம் கறையைக் காட்டியபோது, யாரோ காபி கொட்டியிருப்பார்கள் என்றார்.

இங்கே ஒரு சிறு உபாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்த வண்டியானாலும் நடப்புக் காப்பீட்டுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, அதில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 50 என்றால் குறைந்தது ஐந்து வருடங்களாக இழப்பீடு எதுவும் கோரப்படவில்லை. சுழியம் என்றால் அண்மையில் ஏதோ நடந்திருக்கலாம், அல்லது உரிமை கைமாறியிருக்கலாம். இரண்டில் எது என்று விற்பவர்தான் சொல்ல வேண்டும். அந்தப் போனஸ் உரிமையாளரைச் சேர்ந்தது, வண்டியோடு நமக்கு வராது என்பதையும் காப்பீட்டுச் செலவைக் கணக்கிடும்போது நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது வண்டி நங்கநல்லூரில், ஓய்வு பெற்ற ஒருவரிடம் இருந்தது. 2014 ஆகஸ்டில் பதிவானது, அதே டைட்டானியம் டீசல், 86,000 கிலோமீட்டர், முதல் உரிமையாளர், காப்பீட்டில் 50 சதவீத போனஸ். கேட்ட விலை 3,60,000. காலை ஏழு மணிக்கே வருவதாகவும், நாங்கள் வரும்வரை எஞ்சினைத் தொட வேண்டாம் என்றும் முந்தைய இரவே சொல்லியிருந்தேன். போய் பானெட்டில் கை வைத்தால் சூடாக இருந்தது. “நீங்க ஏறும்போது ஏ.சி. ஜில்லுன்னு இருக்கட்டுமேன்னு போட்டு வெச்சேன் தம்பி” என்றார் பெரியவர். பொய் சொல்லும் முகமாகத் தெரியவில்லை. ஆனாலும் டீசல் வண்டியை ஆறிய நிலையில் கிளப்பும்போது வரும் முதல் பத்து நொடி ஓசையும் புகையும் சொல்வதை வேறெதுவும் சொல்லாது என்பதால், மறுநாள் காலை மீண்டும் போனோம். முதல் சுழற்சியிலேயே பிடித்துக்கொண்டது. சைலன்சரில் நீலப் புகை இல்லை. ஆயில் மூடியைக் கழற்றியபோது மெல்லிய ஆவி வந்ததே தவிர, மூடியைத் தூக்கி எறியும் வேகத்தில் காற்று வரவில்லை.

பிறகு அண்ணன் கண்ணாடிகளைப் பார்த்தார். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரான வருடத்தைக் குறிக்கும் சிறு எழுத்து இருக்கும். ஐந்து கண்ணாடிகள் ஒரே வருடத்தைச் சொல்ல, இடது பின்கதவுக் கண்ணாடி மட்டும் 2018 என்றது. கேட்டதும் பெரியவர் மறைக்காமல், கோயில் வாசலில் ஆட்டோ ஒன்று பின்னோக்கி வந்து இடித்ததைச் சொன்னார். கதவின் ரப்பரை விலக்கிப் பார்த்தோம். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் தூணில் வரிசை குலையாமல் இருந்தன. ஆக, அடி கதவோடு நின்றிருக்கிறது. டயர்களின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கும். நான்கு டயர்களும் 2018ஆம் வருடத்தவை. சாலையைத் தொடும் ரப்பரில் தேய்மானம் குறைவு, ஆனால் சுவர்களில் நகக்கீறல் போல வெடிப்பு. அதிகம் ஓடாத வண்டிக்கு இது ஒரு சாபம். கிலோமீட்டர் குறைவு என்று நாம் மகிழும்போதே ரப்பரால் ஆன எல்லாமும் நின்ற இடத்திலேயே கிழடாகிக்கொண்டிருக்கும்.

டைமிங் பெல்ட்டும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். இந்த டீசலிலும் சங்கிலி கிடையாது, பெல்ட்தான். அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதி, வண்டியின் பாதி விலைக்கு எஞ்சின் வேலை வைக்கும். சர்வீஸ் புத்தகத்தில் பெல்ட் மாற்றியதற்கான பதிவே இல்லை. “எண்பத்தாறாயிரம்தானே ஓடியிருக்கு” என்று பெரியவர் சொன்னது கிலோமீட்டர் கணக்கில் நியாயம், வயதுக் கணக்கில் இல்லை. கோளாறைச் சரிசெய்ய நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது பற்றியும் கேட்டோம். பின்புற அச்சின் போல்ட்டுகளைச் சரிபார்க்க 2015 நவம்பரில் 16,444 ஈகோஸ்போர்ட்டுகளும், எரிபொருள் மற்றும் பிரேக் குழாய்களுக்காக 2016இல் சுமார் 48,000 வண்டிகளும் அழைக்கப்பட்டன. ஆரம்ப வருடத்து டீசல் வாங்குபவர், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து இந்த இரண்டும் செய்யப்பட்டனவா என்று சர்வீஸ் மையத்தில் கேட்பதற்கு ஒரு பைசா செலவில்லை. பெரியவர் அதற்கான இரண்டு வேலைத் தாள்களையும் ஒரு கல்யாணப் பத்திரிகை உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். எனக்கு அந்த வண்டியின்மேல் நம்பிக்கை பிறந்தது அந்த உறையைப் பார்த்தபோதுதான்.

ஓட்டிப் பார்ப்பதற்குத் துரைப்பாக்கம் ரேடியல் சாலைக்குப் போனோம். மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால், வேகம் ஏறாமல் எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறக் கூடாது. இதில் கொஞ்சம் ஏறியது. கிளட்ச் முடிவை நெருங்கிவிட்டது என்று பொருள். வேகத்தடைகளில் முன்பக்கம் இடதில் ‘டக்’ என்ற ஓசை. லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கையிலுள்ள ரப்பர், தேய்ந்துவிட்டது என்றார் அண்ணன். ஸ்டியரிங் நேராக நின்றது, பிரேக் போடும்போது எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, ஏ.சி. கடும் வெயிலிலும் சோர்ந்துபோகவில்லை.

திரும்பி வந்து அண்ணன் ஒரு தாளில் எழுதிய கணக்கு இது: டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் 16,500. கிளட்ச் செட் 21,000. முன் சஸ்பென்ஷன் 11,000. நான்கு டயர் 32,000. பேட்டரி 6,500. மொத்தம் 87,000. பழைய வண்டி வாங்குபவர்களில் பலர் வண்டி விலையைப் பேசி முடித்த பிறகே இந்தத் தாளை எழுதுகிறார்கள். தாளை முதலில் எழுதி அதைப் பேசுபொருளாக மேசைமேல் வைக்க வேண்டும் என்பதே என் கட்சி. அதைவிட முக்கியமாக, 2014 ஆகஸ்டில் பதிவான வண்டியின் ஆர்.சி. எனும் பதிவுச் சான்று 2029 ஆகஸ்டு வரைதான் செல்லும். அதற்குப் பிறகு தகுதிச் சோதனை, பசுமை வரி, ஐந்து வருடப் புதுப்பிப்பு என்று தனி அத்தியாயம். ஆகவே நான் விலை கொடுப்பது ஒரு காருக்கு அன்று, மீதமிருக்கும் நான்கு வருடங்களுக்கு. பேரம் 2,80,000இல் தொடங்கி 3,05,000இல் முடிந்தது. ஆடி மாதத்தில் வேறு யாரும் வந்து பார்க்கவில்லை என்பதும் எனக்கு உதவியது. பழுதையும் சேர்த்தால் 3,92,000, அதாவது வருடத்துக்கு 98,000 ரூபாய். கேட்ட விலையையே கொடுத்திருந்தால் 1,11,750 ஆகியிருக்கும். அந்த விலைக்கு இந்த வண்டி வாங்கத் தகுந்ததன்று என்றே சொல்வேன்.

காகித வேலை பெரிதில்லை. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30, இருவர் அடையாள ஆவணங்கள், கடன் முடிந்ததற்கான படிவம் 35 ஆகியவை முக்கியமானவை. கடனை அடைத்த பிறகும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் கிடப்பது அடிக்கடி நடப்பது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு முன்பே பார்த்துவிடலாம். மூன்றாம் நபர் காப்பீடு இந்த 1,498 சி.சி. வகைக்கு அப்போது 3,416 ரூபாயாக இருந்தது, வரி தனி. பெயர் மாற்றம் ஆவணியில்தான் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், பணம் கொடுத்த பிறகும் வண்டி ஒரு வாரம் அண்ணனின் பட்டறையிலேயே இருந்தது. பெல்ட்டையும் கிளட்சையும் மாற்ற அந்த வாரம் வசதியாகப் போயிற்று.

ஆறு மாதம் ஓட்டிய பிறகு வண்டியைப் பற்றியே இப்போது சொல்லலாம். 200 மில்லிமீட்டர் தரை இடைவெளி எங்கள் பகுதி மழைக்காலத்துக்கு ஆடம்பரம் அன்று, அவசியம். அப்பாவின் முழங்கால் வலிக்கு, குனியாமலும் எம்பாமலும் உட்காரும் அந்த இருக்கை உயரம் மாத்திரையைவிட அதிகம் உதவியிருக்கிறது. நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது வண்டி சாலையைப் பற்றிக்கொண்டு போகும் விதமும் ஸ்டியரிங்கின் துல்லியமும் இன்றைய புதிய வண்டிகள் பலவற்றில் நான் உணராதவை. அதிகாரபூர்வ மைலேஜ் லிட்டருக்கு 22.7 என்பது அன்றைய விளம்பரம். எனக்கு நகரத்தில் 14, திருச்சிக்குப் போய்வந்ததில் 18.

குறைகளும் உண்டு. பின் இருக்கையில் மூன்று பேர் உட்காரலாம், ஆனால் மூவரும் உறவினராக இருப்பது நல்லது. பின்புறத்துக்குத் தனி ஏ.சி. துவாரம் இல்லை, மே மாதத்தில் பிள்ளைகள் அதைத் தவறாமல் நினைவூட்டுவார்கள். முன்கண்ணாடியின் இரு ஓரத் தூண்களும் பருமனானவை. வளைவில் திரும்பும்போது ஒரு முழு ஸ்கூட்டரையே மறைத்துவிடும், தலையை முன்னே நீட்டிப் பார்த்துத்தான் திரும்ப வேண்டும். ஸ்பேர் வீலைச் சுமக்கும் பின்கதவு மேலே தூக்காமல் பக்கவாட்டில் திறப்பதால், யாராவது பின்னால் ஒட்டி நிறுத்திவிட்டால் 346 லிட்டர் டிக்கி இருந்தும் இல்லாததுதான். பதினோரு வருடம் அந்தச் சக்கரத்தைத் தூக்கிய கீல் சற்றே தொய்ந்திருக்கிறதா என்பதை, வாங்கும்போதே கதவைப் பாதி திறந்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் வகையைக் கவனிக்க வேண்டும். ஆரம்ப வருடத்து ஆம்பியன்டேயில் ஏர்பேக் கிடையாது, டைட்டானியத்தில் இரண்டு, டைட்டானியம் ஆப்ஷனில் ஆறு. பழைய சந்தையில் இவற்றுக்கிடையே விலை வித்தியாசம் சில பத்தாயிரங்கள்தான் என்பதால் ஆம்பியன்டேயைக் கருதவே வேண்டாம்.

நிறுவனமே போய்விட்டதே என்று கேட்காதவர் இல்லை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது உண்மை. அந்த அறிவிப்புதான் இந்த வண்டியின் விலையை என்னைப் போன்றவர்கள் எட்டும் இடத்துக்கு இறக்கியது. சர்வீஸ் மையங்கள் எண்ணிக்கையில் குறைந்தாலும் இயங்குகின்றன. பெல்ட், கிளட்ச், ஃபில்டர், பிரேக் போன்றவை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கேட்ட அன்றே கிடைத்தன. சிரமம் தருவது உடற்பாகங்கள்தாம். பின்கதவின் சுற்று ரப்பருக்கு மூன்று வாரம் காத்திருந்தேன். உடைந்த பின்விளக்கு ஒன்றைப் புதுப்பேட்டையில் நான்கு கடை ஏறி இறங்கி வாங்கினேன். சென்னையில் இருப்பதால் எனக்கு இது ஓரிரு சனிக்கிழமைகளின் அலைச்சல். இதே வண்டியைத் தென்காசியிலோ தர்மபுரியிலோ வைத்திருக்க நினைப்பவர், அருகில் ஃபோர்டு அறிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துவிட்டு, அதன் பிறகு வண்டி பார்க்கக் கிளம்பட்டும்.